கலவாவும் ஏறணும், வயர்லெஸும் பேசணும்!

"என்ன வண்டிக்கு அண்ணாச்சி?"

"வண்டிக்கு இல்ல தம்பி, போட்டுக்கு."

"அப்ப லாரி பேட்டரியே எடுத்துக்கோங்க. நல்லா இழுக்கும்."

தூத்துக்குடியோ நாகப்பட்டினமோ, ஃபைபர் படகுக்கு பேட்டரி வாங்கப் போகிறவரின் ஆராய்ச்சி பெரும்பாலும் இந்த மூன்று வரியில் முடிந்துவிடும். ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வயர்லெஸ், ராத்திரிக்கு இரண்டு விளக்கு என்று இருந்தவரை அந்த பேட்டரியும் எப்படியோ காலம் தள்ளியது. எல்லாம் சேர்ந்தே இரண்டு, மூன்று ஆம்பியர்தான் தின்னும். படகில் எலக்ட்ரிக் ரீல் ஏறும்போதுதான் குட்டு உடைகிறது. காலையில் விர்ரென்று சுற்றிய ரீல் பத்து மணிக்கு முனகும். பதினோரு மணிக்குக் கலவா மீன் பாதிக் கடலில் தொங்க, ரீல் நிற்கும். பக்கத்தில் ஜி.பி.எஸ். திரை கண்ணை மூடும். பழி ரீல் மேல் விழும். குற்றவாளி அநேகமாக பேட்டரி. அல்லது அதிலிருந்து ரீலுக்குப் போகும் வயர்.

எலக்ட்ரிக் ரீல் என்பது தூண்டில் நரம்பு சுற்றிய உருளையோடு 12 வோல்ட் மோட்டார் ஒன்றைக் கோத்த கருவி, அவ்வளவுதான். (தண்ணீரில் கரண்ட் பாய்ச்சி மீனைச் சாகடிக்கும் அயோக்கியத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதைச் செய்கிறவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம்.) 60 பாகத்தில், அதாவது ஏறக்குறைய 110 மீட்டர் ஆழத்தில், ஒரு கிலோ ஈயக்குண்டோடு தூண்டில் போட்டு வெறுங்கையால் இழுத்தவருக்கு இதன் அருமை தெரியும். கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் பக்கம் கலவா கிடக்கும் பார்களில் மீன் கடித்ததும் பாறை இடுக்கைப் பார்த்துத்தான் ஓடும். முதல் ஐந்தாறு பாகத்தை அதை ஓடவிடாமல் இழுத்து எடுத்துவிட்டால் மீன் நம்முடையது. இல்லையேல் நரம்பும் போச்சு, முள்ளும் போச்சு. நாள் முழுக்க உழைக்கும் ஒரு மனிதனால் தொடர்ந்து தர முடிகிற சக்தி சுமார் 75 வாட். 15 ஆம்பியர் இழுக்கும் 12 வோல்ட் ரீல் 180 வாட் எடுத்துக்கொள்கிறது. இரண்டு ஆள் வேலை, கை அறுபடாது.

இந்தக் கருவியைத் தினசரிப் புழக்கமாக்கியவர்கள் ஜப்பானியர்கள். இஸு, போஸோ தீபகற்பங்களை ஒட்டிய கடலில் 'கின்மெடாய்' என்ற சிவப்பு மீனுக்காக 200 மீட்டருக்கும் கீழே தூண்டில் இறக்குவது அங்கே சாதாரணம். கட்டணம் வாங்கி ஆள் ஏற்றும் மீன்பிடிப் படகுகளில் பல, ஒவ்வொரு இருக்கை அருகிலும் ரீலுக்கு மின் இணைப்பு வைத்திருக்கின்றன. ஆனாலும் அனுபவசாலிகள் சொந்தமாகச் சின்ன லித்தியம் பேட்டரியைத் தூக்கிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் சுற்றினால் படகின் வோல்டேஜ் சரியும், தன் ரீல் மட்டும் தளரக் கூடாது என்பது கணக்கு. அவர்கள் பயப்படுவது வோல்டேஜ் சரிவுக்கு. நம் ஊரில் பேச்செல்லாம் ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர்) பற்றியே இருக்கிறது.

100 என்றால் 100 அல்ல

பேட்டரியின் மேல் 100 ஏ.ஹெச். என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம்? பெரும்பாலான லெட்-ஆசிட் பேட்டரிகளில் அது 20 மணி நேரக் கணக்கு. 5 ஆம்பியர் வீதம் இழுத்தால் 20 மணி நேரம் வரும். அதே பேட்டரியில் 20 ஆம்பியர் இழுத்தால் 5 மணி நேரம் வர வேண்டும் என்று வாய்ப்பாடு சொல்லும், பேட்டரி சொல்லாது. நாலு மணி நேரம்கூட வராது. வேகமாக உறிஞ்ச உறிஞ்ச லெட்-ஆசிட்டின் கொள்ளளவே சுருங்குகிறது என்பதை பெய்கெர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே கணக்காக எழுதி வைத்துவிட்டார். 100 ஏ.ஹெச். அங்கே 75 பக்கம் வந்து நிற்கும். அந்த 75-ஐயும் முழுசாக எடுத்தால் பேட்டரி ஆயுள் போய்விடும். பாதியோடு நிறுத்துவதுதான் மரியாதை.

ஆக, கடைக்குப் போகுமுன் போட வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. 60 பாகம் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். சுமையோடு நிமிடத்துக்கு 55, 60 மீட்டர் சுற்றும் ரீலுக்கு ஒரு இழுப்பு இரண்டு நிமிடம். நாளைக்கு 40 முறை இறக்கி ஏற்றினால் 80 நிமிடம். சராசரி 15 ஆம்பியர் என்றால் 20 ஏ.ஹெச். இரண்டு ரீலுக்கு 40. ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், விளக்கு வகையறா 2 ஆம்பியர் வீதம் 10 மணி நேரத்துக்கு 20. மொத்தம் 60 ஏ.ஹெச். பேட்டரியில் பாதி வரைதான் எடுப்பது என்றால் லெட்-ஆசிட்டில் 120 ஏ.ஹெச். வேண்டும், வேகத்தில் சுருங்குவதையும் சேர்த்தால் 150-க்கு வந்துவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 80 சதவீதம் வரை எடுக்கலாம், சுருக்கமும் சொற்பம். 100 ஏ.ஹெச். போதும், கையிருப்பும் மிஞ்சும்.

200 பாகத்துக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. ஒரு இழுப்பு ஆறு, ஏழு நிமிடம். சுமை கூடுவதால் ஆம்பியரும் 20-ஐத் தொடும். இருபது முறை இழுத்தாலே 40 ஏ.ஹெச். ஒரு ரீலுக்கு மட்டும் போய்விடும். உங்கள் ஆழம், உங்கள் இழுப்பு, உங்கள் ரீல் கையேட்டில் போட்டிருக்கும் ஆம்பியர் என்று இந்த எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். சிகரெட் அட்டையின் பின்பக்கம் போதும்.

லாரி பேட்டரி ஏன் கூடாது?

லாரி பேட்டரி கெட்ட பேட்டரி அல்ல. அதன் வேலை வேறு. சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டி இன்ஜினைக் கிளப்ப வேண்டும். பிறகு ஆல்டர்னேட்டர் அந்த இழப்பை உடனே நிரப்பிவிடும். அதற்காக உள்ளே மெல்லிய தகடுகள் நிறைய அடுக்கியிருப்பார்கள். நாள்தோறும் பாதி வரை காலியாக்கி, கரைக்கு வந்து நிரப்பினால் அந்தத் தகட்டின் பூச்சு உதிர்ந்து அடியில் சேறாகப் படியும். ஒரு பருவம் தாங்கினால் அதிர்ஷ்டம்.

"அப்படியென்றால் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு குடியேறிய டியூபுலர் பேட்டரி, ஆழமாகக் காலியாகி நிரம்புவதற்கென்றே செய்தது. கரையில் அது சிங்கம். 30 அடி ஃபைபர் படகில்? 150 ஏ.ஹெச். டியூபுலர் ஒன்று 50 கிலோவைத் தாண்டும். உயரம் அதிகம், மூடி வழியாக ஆசிட் தளும்பும். உள்ளே ஏறும் கடல் நீர் அந்த ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன், மூடிய பெட்டிக்குள் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்குக் காத்திருக்கும் வெடி. பக்கத்தில் பெட்ரோல் டேங்க் வேறு. விலை மலிவு என்பதற்காக இதை ஏற்றுவது என் கணக்கில் வீண் வீரம்.

சீல் செய்த ஏ.ஜி.எம். வகை பரவாயில்லை. ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறி நிற்பதால் தளும்பாது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை. ரீல் இல்லாமல் கருவிகளுக்கு மட்டும் பேட்டரி தேடுகிறவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். லித்தியத்துக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

ரீல் உண்டென்றால் என் ஓட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃப் குழு 1990-களில் கண்டறிந்த சரக்கு இது. 2019-இல் வேதியியல் நோபல் வாங்கிய மூவரில் அவரும் ஒருவர். இதன் பெருமையாக எல்லாரும் சொல்வது எடை: 100 ஏ.ஹெச். பேட்டரி 10 முதல் 13 கிலோ; லெட்-ஆசிட்டில் அதுவே 25, 30. ஒரே ஆள் அணியத்திலிருந்து அமரத்துக்குத் தூக்கிப் போகலாம், கரையில் இறக்கி வீட்டுக்கு எடுத்துப் போய் சார்ஜ் போடலாம். நல்லதுதான். ஆனால் தூண்டில்காரருக்கு அதைவிடப் பெரிய லாபம் வோல்டேஜில் இருக்கிறது. பாதி காலியான லெட்-ஆசிட்டில் ரீல் 25 ஆம்பியர் இழுக்கும்போது வோல்டேஜ் 12-க்குக் கீழே இறங்கிவிடும். லித்தியம், தீரப்போகும் வரை 12.8, 13 என்று நிற்கும். 12 வோல்ட் மோட்டாருக்கு அந்த ஒரு வோல்ட்டில்தான் உயிர். காலை முதல் இழுப்பும் மதியம் கடைசி இழுப்பும் ஒரே வேகத்தில் வருவது அதனால்தான்.

விலை? லெட்-ஆசிட்டைப் போல இரண்டு, மூன்று மடங்கு. ஆயுள், தயாரிப்பாளர்கள் சொல்வது 2,000 முறைக்கு மேல். லெட்-ஆசிட்டில் பாதி வரை எடுத்தாலும் சில நூறு முறைதான். கடலோர வெயிலுக்கும் உப்புக்கும் கழித்து, அவர்கள் சொல்வதில் பாதியை நம்பினாலும் லித்தியம்தான் மலிவு. ஆனால் அந்தப் பணம் மூன்று வருடம் கழித்து மிஞ்சும் பணம். கடன் வாங்கி வலை எடுக்கும் வீட்டில் இன்று கையில் இருப்பதுதான் பேசும். அதை மறந்துவிட்டு அறிவுரை சொல்ல முடியாது.

லித்தியத்திலும் ஒரு பொறி உண்டு. உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல்காரச் சர்க்கியூட், ஆம்பியர் எல்லை மீறினாலோ சார்ஜ் தீர்ந்தாலோ பட்டென்று இணைப்பை வெட்டிவிடும். லெட்-ஆசிட் முனகிக்கொண்டே சாகும். இது சொல்லாமல் கொள்ளாமல் போகும். கைக்கு அடக்கமான 20 ஏ.ஹெச். பேட்டரியின் பி.எம்.எஸ். 20 ஆம்பியரில் வெட்டும் வகையாக இருக்கலாம். பெரிய ரீல், மீன் கடித்த நொடியில் 30-ஐத் தாண்டும். சரியாகக் கலவா பாறைக்கு ஓடும் நேரத்தில் மோட்டார் நிற்கும்! எனவே ஏ.ஹெச். பார்த்ததும் அடுத்து கேட்க வேண்டியது, "தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுக்கும்?" என்பது. மற்றொன்று, லித்தியத்தின் வோல்டேஜ் சமமாகவே நிற்பதால் வோல்ட்மீட்டரைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. போன ஆம்பியரை எண்ணிச் சொல்லும் ஷன்ட் மீட்டர் ஒன்று தனியாகப் போட வேண்டும்.

எல்லா லித்தியமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்து, செல்களை மறுபடி கோத்து, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து "லித்தியம்ணே, பாதி விலை" என்று விற்கிறார்கள். அவற்றில் பல வேறு ரசாயனம். சூடேறினால் பாஸ்பேட் அளவுக்குப் பொறுமை கிடையாது. ஃபைபர் படகு எரிந்தால் ஓடுவதற்கு இடம் இல்லை.

ஒரு வோல்ட் திருடும் வயர்

இனி வயர். இதற்குத்தான் யாரும் நேரம் செலவழிப்பதில்லை. நல்ல பேட்டரி வாங்கி, வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 4 சதுர மி.மீ. வயரை எடுத்து, 5 மீட்டர் தள்ளி இருக்கும் ரீலுக்கு இழுத்துவிடுவார்கள். கரண்ட் போகவும் வரவும் சேர்த்து 10 மீட்டர். செம்பின் மின்தடையை வைத்துக் கணக்கிட்டால், 30 ஆம்பியர் ஓடும்போது அந்த வயரே 1.3 வோல்ட்டை விழுங்கிவிடும். பேட்டரியில் 12.8 இருக்கும், ரீலுக்கு 11.5 போய்ச் சேரும். லித்தியத்துக்குக் கொடுத்த கூடுதல் பணம் முழுவதும் வயரில் சூடாகிப் போச்சு. அதே இடத்தில் 16 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான்.

வெறும் செம்பு வயர் வேண்டாம்; வெள்ளீயம் பூசிய மரைன் வயர் கேளுங்கள். உப்புக்காற்று வெறும் செம்பின் இழைகளுக்குள் புகுந்து பச்சை பூக்க வைக்கும். மேலே உறை பளபளவென்று இருக்கும், உள்ளே பொடி. ரீலோடு வரும் பல் கிளிப்பை டெர்மினலில் கவ்வ விட்டு அலையில் ஆடவிடுவதும் வழக்கமாகிவிட்டது. கவ்விய இடம் நகர நகரப் பொறி பறக்கும், ஈயம் உருகும். கிளிப்பை வெட்டிவிட்டு, லக் வைத்து அழுத்தி, போல்ட் போட்டு முடுக்கி, மேலே வாஸ்லினோ கிரீஸோ தடவுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஏழு அங்குலத்துக்குள் என்கிறது அமெரிக்கப் படகு மின்னியல் விதி. ரீல் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் உறை தேய்ந்த வயருக்கு யார் காவல்?

தனிக்குடித்தனம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: ரீலுக்கு ஒரு பேட்டரி, இன்ஜின் கிளப்பவும் வயர்லெஸுக்கும் வேறொரு பேட்டரி. இரண்டையும் சேர்க்கவே கூடாது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்துப் படகுகள் பல ஆழ்கடலில் இருந்தன. எச்சரிக்கை அவற்றில் இருந்தவர்களைப் போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து வரும் சொல் எத்தனை உயிருக்குச் சமம் என்பதை அந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வி.ஹெச்.எஃப். வயர்லெஸ் காத்திருக்கும்போது அரை ஆம்பியர்கூடத் தின்னாது. பேசும்போது மட்டும் ஐந்தாறு ஆம்பியர் கேட்கும். 40 ஏ.ஹெச். சீல்டு பேட்டரி ஒன்று அதற்கு நாள் கணக்கில் தாங்கும், ரீல் அதில் கை வைக்காத வரை. இரண்டு பேட்டரியையும் சுவிட்ச் போட்டு இணைத்துக்கொள்ளலாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். கடலில் அந்த சுவிட்ச் எந்தப் பக்கம் நிற்கும் என்பது அவருக்குத் தெரியாது.

சார்ஜ் விஷயத்தைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். கயிறு இழுத்துக் கிளப்பும் இன்ஜின்கள் பலவற்றில் பேட்டரி சார்ஜ் செய்யும் வசதியே கிடையாது. இருப்பவற்றிலும் சில ஆம்பியர்தான். 60 ஏ.ஹெச். திரும்ப ஏற அது போதாது. கரையில் சார்ஜர்தான் வழி. 10 ஆம்பியர் சார்ஜரில் லித்தியம் ஆறரை மணி நேரத்தில் நிரம்பும். லெட்-ஆசிட் கடைசி இருபது சதவீதத்துக்கு இழுத்தடிக்கும். விடிகாலை மூன்று மணிக்குத் தள்ளி மதியம் திரும்பும் படகுக்கு இது பெரிய வித்தியாசம். லித்தியத்துக்கு 14.4 முதல் 14.6 வோல்ட் வரை தரும் அதற்கான சார்ஜரே வேண்டும். பழைய சார்ஜரில் 'ரிப்பேர்' பொத்தான் இருந்தால் தொடாதீர்கள். 100 வாட் சோலார் தகடு ஒன்று நம் வெயிலுக்கு நாளொன்றில் 30 ஏ.ஹெச். பக்கம் தரும்; வயர்லெஸ் பேட்டரிக்கு அதுவே ராஜபோகம்.

விசைப்படகுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் சும்மா கிடக்கும் லெட்-ஆசிட் பேட்டரி தானாகவே சார்ஜ் இழந்து, தகட்டில் வெள்ளை பூத்துக் கெட்டுப் போகும். மாதம் ஒருமுறை முழு சார்ஜ் போடுங்கள். லித்தியத்தை நேர்மாறாக, பாதி சார்ஜில் நிழலில் வையுங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டியது

கடையில் கேட்டால் எல்லாம் ஒரிஜினல்தான். முதல் சோதனை தராசு: 100 ஏ.ஹெச். லித்தியம் பாஸ்பேட் என்று சொல்லி ஆறு கிலோ எடை இருந்தால், செல் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருக்கிறது. இரண்டாவது சோதனைக்குக் கார் ஹெட்லைட் பல்பு இரண்டு போதும், 55 வாட்டில். இரண்டையும் முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியோடு இணையாக மாட்டுங்கள். சேர்ந்து ஒன்பது ஆம்பியர் போல இழுக்கும். காலை ஏழு மணிக்கு ஏற்றினால், 100 ஏ.ஹெச். பேட்டரி மாலை ஐந்தரை, ஆறு வரை எரிக்க வேண்டும். இரண்டு மணிக்கே அணைந்தால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பல்பு நெருப்பாகச் சுடும். பிள்ளைகள் கை வைக்காத இடமாகப் பாருங்கள். லெட்-ஆசிட்டில் இந்தச் சோதனையைக் கடைசி வரை ஓட்டாமல் வோல்டேஜ் 12.2 வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

பழைய பேட்டரியைக் கழிமுகத்தில் வீசாதீர்கள். லெட்-ஆசிட்டுக்கு எடைக்குக் காசு கிடைக்கும். லித்தியத்தையும் திரும்பப் பெறும் பொறுப்பு 2022-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிப்படி தயாரிப்பாளருடையது.

எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பணம் இருக்காது. அப்படியானால் வரிசை இது: முதலில் வயர்லெஸுக்குச் சின்ன சீல்டு பேட்டரி, அடுத்து தடித்த வயரும் ஃபியூஸும், அதன்பின் ரீலுக்கு 100 ஏ.ஹெச். லித்தியம் பாஸ்பேட். ரீலைக் கடைசியில் வாங்குங்கள். வாங்கும் வரை கைத்தூண்டில் இருக்கிறது.